கித்துள் கள்ளின் மணிக்கணக்கு

கேகாலை மாவட்டத்தில் யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் விடியும் முன்னரே இரண்டு வகைக் கத்திகள் வேலையைத் தொடங்கிவிடும். ஒன்று, தோட்டத்து இறப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி. மற்றது, தோட்ட எல்லைக்கு அப்பால் கிராமத்து மேட்டில் நிற்கும் கித்துள் மரத்தின் உச்சியில் பாளை சீவும் கத்தி. பிடிப்பவர்கள் வேறு, அவர்கள் பேசும் மொழியும் பெரும்பாலும் வேறு. ஆனால் இருவருக்கும் எதிரி ஒன்றுதான். சிரட்டையில் வடிந்த இறப்பர் பாலை நேரத்தோடு எடுக்காவிட்டால் அதிலுள்ள கொஞ்சச் சர்க்கரையைத் தின்று பக்டீரியாக்கள் அமிலம் விடும். பால் திரைந்து கட்டியாகிவிடும். அதைத் தள்ளிப்போட அமோனியா சேர்க்கிறார்கள். பிறகு தொழிற்சாலையில், தமக்கு வசதியான நேரத்தில் ஃபோர்மிக் அமிலம் ஊற்றித் தாங்களே திரைய வைக்கிறார்கள். கித்துள் சீவுகிறவருக்கும் இதே ஓட்டம்தான். என்ன, புளித்த இறப்பர் பாலை யாரும் தேடிப் போவதில்லை. புளித்த கித்துள் நீரைத் தேடி மலை ஏறுகிறவர்கள் உண்டு.

தேடித்தான் போகவேண்டும். இரத்தினபுரி நகரத்து மதுக்கடையில் லயன் பியர் கிடைக்கும், தென்னஞ்சாராயம் கிடைக்கும். தென்னங்கள்ளைப் போத்தலில் அடைத்தே விற்கிறார்கள். கித்துள் கள் அப்படிக் கடைத் தட்டில் வரிசையாக நிற்பதில்லை. கள் விற்பனை 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிற சமாசாரம்; அனுமதிப்பத்திரம் உள்ள தவறணைக்கு வந்து சேர்வதும் பெரும்பாலும் தென்னங்கள்தான். கித்துள் கள் வேண்டுமென்றால் மரம் ஏறுகிறவரைத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தாலும் போதாது, சரியான மணிக்குப் போகவேண்டும்.

கிடைத்தற்கரிய பியர் என்று உலகம் கொண்டாடுபவற்றுள் பெல்ஜியத்தின் வெஸ்ட்வ்லெடெரன் ஊர்த் துறவிகள் காய்ச்சுவது ஒன்று. மடத்தை நடத்தத் தேவையான அளவுக்கு மேல் அவர்கள் காய்ச்சுவதில்லை. நீண்ட காலம் முன்பதிவு செய்துகொண்டு மடத்து வாசலுக்கே போய்த்தான் வாங்கவேண்டியிருந்தது. அந்த அருமை மனிதர்கள் வைத்த அளவு. துறவிகள் நாளைக்கே மனம் மாறினால் அந்தப் பியர் கொழும்புக்கும் கப்பலேறும். கேகாலையும் இரத்தினபுரியும் அடங்கிய சப்ரகமுவ மாகாணத்துக் கித்துள் கள்ளின் அருமையை எந்த மடாதிபதியும் தீர்மானிக்கவில்லை. அது பாளையில் கட்டிய முட்டிக்குள்ளேயே தீர்மானமாகிறது.

முதலில் மரம். பனைக் குடும்பத்தில் இது ஒரு விசித்திரப் பிறவி. இலை மீன்வால் போலக் கிழிந்திருக்கும். ஓலை ஒருமுறை பிரிந்து, பிரிந்தது மறுபடியும் பிரியும். பனைக் குடும்பத்தில் அப்படி இரண்டு முறை பிரியும் ஓலை இந்தப் பேரினத்துக்கு மட்டுமே உண்டு. கரியோட்டா யூரன்ஸ் என்று 1753இல் லின்னேயசு பெயரிட்ட இந்த மரத்தைத் தமிழ்நாட்டில் கூந்தல் பனை என்பார்கள். தொங்கும் பூக்குலையைப் பார்த்தால் காரணம் தெரியும். பழத்தைக் கையால் பிசைந்தால் அரிப்பெடுக்கும். சதைக்குள் ஊசி ஊசியாக ஒக்சலேட் படிகங்கள். மனிதருக்கு ஆகாத அந்தப் பழத்தை மரநாய் தின்றுவிட்டு விதையைக் காடெங்கும் போட்டுப் போகிறது. சிங்கராஜ வனத்தின் ஓரத்துக் கிராமங்களில் யாரும் நடாத கித்துள் மரங்கள் முளைத்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தென்னை வாழ்நாள் முழுக்கப் பாளை விட்டுக்கொண்டே இருக்கும். கித்துள் அப்படியல்ல. பத்துப் பதினைந்து ஆண்டுகள் பூக்காமல் வளரும். அத்தனை காலமும் தண்டின் சோற்றில் மாச்சத்தைச் சேர்த்து வைக்கும். (விழுந்த மரத்தைப் பிளந்து அந்த மாவை எடுத்துக் கஞ்சி காய்ச்சுவதும் உண்டு. கித்துள் மா என்று கடைகளில் விற்பது அதுதான்.) பிறகு ஒருநாள் உச்சியில் முதல் பாளை வெளிவரும். அடுத்தது அதற்குக் கீழே, அதற்கடுத்தது இன்னும் கீழே. இப்படி மேலிருந்து கீழாகப் பூத்து இறங்கிச் சில ஆண்டுகளில் மரம் செத்துப்போகும். சேர்த்த மாச்சத்து எல்லாம் சர்க்கரையாகக் கரைந்து பூவுக்கும் காய்க்கும் போகும் அந்தக் கடைசிப் பயணத்தில்தான் மனிதன் குறுக்கே கத்தியை வைக்கிறான். அதனால் ஒரு மரம் எவ்வளவு கொடுக்கும் என்பதற்கு மேல்வரம்பு உண்டு. இந்த மரத்திலிருந்து இன்னும் பத்து வருடத்துக்கு என்று யாரும் திட்டம் போட முடியாது.

இலையில் உண்டாகும் சர்க்கரையையும் தண்டில் கரையும் சர்க்கரையையும் சுமந்து செல்லும் குழாய்களைப் பாடநூல்கள் உரியம் என்கின்றன. நம் உடம்பில் காயம் பட்டால் இரத்தம் உறைவது போலவே இந்தக் குழாய்களுக்கும் தம்மை அடைத்துக்கொள்ளத் தெரியும். வெட்டுப்பட்ட இடத்தில் காலோசு என்ற பொருள் படிந்து வாயை மூடிவிடும். ஒருமுறை வெட்டிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது. காலையும் மாலையும் ஏறி, அடைபட்ட நுனியை மெல்லிய சீவலாக நீக்கவேண்டும். தடிப்பாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். பாளை விரியுமுன் அதன் அடியில் கீறி மருந்து வைப்பது இலங்கைக் கித்துள் சீவுகிறவர்களின் வித்தை. சுண்ணாம்பு, உப்பு, சாம்பல், மிளகு, வெள்ளைப்பூண்டு என்று கலவை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அப்பன் மகனுக்கு மட்டும் சொல்வான். காயத்தையும் எரிச்சலையும் உண்டாக்கிப் பாளை பூக்காமலும் ஓட்டம் நிற்காமலும் வைத்திருப்பதே நோக்கம்.

1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் உள்நாட்டில் காலம் தள்ளித் தப்பியோடிய ஆங்கில மாலுமி றொபட் நொக்ஸ், 1681இல் அச்சான தன் நூலில் கித்துளுக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். நாளுக்கு இருமுறை, நல்ல மரமென்றால் மும்முறை இறக்குவார்கள் என்கிறார். சாதாரண மரம் மூன்று நான்கு கேலன் தரும் என்று கணக்கும் சொல்கிறார். இன்றைய அளவில் பன்னிரண்டு, பதினைந்து லீற்றர். முந்நூற்று நாற்பது வருடத்துக்குப் பிறகும் அந்தக் கணக்கு நம்பும்படியாகவே இருக்கிறது. அவர் குடித்து மெச்சியது இனிப்பு நீரை, அதாவது பதநீரை. அதில் தண்ணீருக்கு மேல் வீரியம் கிடையாது என்றும் எழுதியிருக்கிறார். சில மணி நேரம் பொறுத்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்.

குழாயை விட்டு வெளியே வரும் கணத்தில் கித்துள் நீர் தெளிவானது, காரமுமில்லை அமிலமுமில்லை. எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை. கிட்டத்தட்ட முழுதும் சுக்குரோசு. உயிரிகள் அதில் கிடையாது. அவை வெளியே காத்திருக்கின்றன: பழைய முட்டியின் உட்சுவரில், கத்தியின் விளிம்பில், பாளை நுனியை மொய்க்கும் தேனீயின் காலில், பழ ஈயின் வயிற்றில். சப்ரகமுவவின் ஈரச் சூட்டில் அவற்றுக்கு உறக்கமே இல்லை.

முதலில் கைவைப்பவை லாக்டிக் அமில பக்டீரியாக்கள். அவற்றுள் லூக்கோநொஸ்ரொக் என்ற இனம் சர்க்கரையைக் கோத்துப் பிசுபிசுப்பான நீண்ட சங்கிலிகளாக்கும். இளங்கள்ளில் நாவில் தட்டும் அந்த வழுவழுப்பு அதன் கைவேலை. நீர் புளிக்கத் தொடங்குகிறது. புளிப்பை ஈஸ்டுக்கு, இலங்கைப் பாடநூலின் வார்த்தையில் மதுவத்துக்கு, தாங்க முடியும். அதன் போட்டியாளர் பலருக்கு முடியாது. ஆக, முதலில் வந்தவர்கள் பின்னால் வருபவருக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறார்கள். மதுவம் ஒரு நொதியத்தை வெளியே விட்டுச் சுக்குரோசை குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் வெட்டுகிறது. வெட்டியதை உள்ளே இழுத்து மதுசாரமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது.

இதில் மதுவத்துக்கு மட்டும் முழுப் பெயரும் கொடுப்பது நியாயமில்லை. பனை வகைக் கள்ளுகளில் சைமோமோனாஸ் என்ற பக்டீரியாவும் மதுசாரம் செய்கிறது. ஒரு குளுக்கோசு மூலக்கூற்றை உடைத்தால் மதுவத்துக்குக் கிடைக்கும் சக்தியில் பாதிதான் இதற்குக் கிடைக்கும். வயிறு நிரம்ப வேண்டுமானால் இரண்டு மடங்கு சர்க்கரையை உடைத்துத் தள்ளவேண்டும், தள்ளுகிறது. முட்டிக்குள் நடக்கும் வேகத்துக்கு இந்தத் திறமைக்குறைவும் காரணம் என்பது எனக்குப் பிடித்த முரண். பியர் தொழிற்சாலையில் இதே பக்டீரியா நுழைந்தால் சரக்கைக் கெடுத்துவிட்டது என்று கொட்டிவிடுவார்கள்.

காலையில் கட்டிய முட்டியை மாலையில் இறக்கும்போது அதற்குள் இனிப்பு, புளிப்பு, குமிழி, மதுசாரம் நான்கும் இருக்கும். முழுதாக ஊறினால் மதுசாரம் நூற்றுக்கு நான்கு, ஐந்து வரை ஏறும். சாதாரண பியரின் அளவு. அதற்குப் பிறகு காற்றோடு சேர்ந்து அசெற்றிக் அமில பக்டீரியாக்கள் மதுசாரத்தையே தின்னத் தொடங்கும். மறுநாள் அது வினாகிரியை நோக்கிப் போகிற ஒரு பானம். எந்தக் கட்டத்திலும் இது நிற்பதில்லை. கள் என்று நாம் சொல்வது, பதநீருக்கும் வினாகிரிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் சில மணி நேரத்தை.

பெல்ஜியத்தில் லாம்பிக் என்றொரு பியர் உண்டு. காய்ச்சிய தானியக் கஞ்சித் தெளிவைப் பரந்த தொட்டியில் திறந்து வைத்து, இரவுக் காற்றிலும் கட்டடத்து மரச்சட்டங்களிலும் இருக்கும் உயிரிகளிடம் விட்டுவிடுவார்கள். குளிர் மாதங்களில் மட்டும் செய்வார்கள். அதன் பிறகு மரப்பீப்பாயில் ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் 1883இல் எமில் ஹான்சன் ஒரேயொரு மதுவ உயிரணுவிலிருந்து தூய வளர்ப்பை உண்டாக்கிக் காட்டிய பிறகு, உலகத்துப் பியர் பெரும்பாலும் தூய வளர்ப்பு மதுவத்தின் கைக்குப் போனது. பழைய கலப்படையை விடாமல் வைத்துக்கொண்டதால்தான் லாம்பிக்குக்கு இன்று இத்தனை மரியாதை. கித்துள் முட்டியில் நடப்பதும் அதே நாடகம். பாத்திரங்களும் ஏறக்குறைய அவையே. மூன்றாண்டு நாடகத்தை இங்கே முப்பது பாகைச் சூட்டில் ஒரு நாளுக்குள் நடத்தி முடித்துவிடுகிறார்கள்.

பியர் ஏன் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது? பெரும் பங்கு ஹொப்ஸ் என்ற கொடிப்பூவுக்கு. அதன் கசப்புப் பொருட்கள் லாக்டிக் பக்டீரியாவின் உறைக்குள் புகுந்து, அது உள்ளும் வெளியும் பேணும் அமில வேறுபாட்டைக் குலைத்துவிடும். பக்டீரியா பட்டினியில் சாகும். மதுவத்துக்கு ஒன்றும் ஆகாது. இன்று ருசி என்று நாம் கொண்டாடும் பியர்க் கசப்பு, பாதுகாப்புக்காகப் போட்ட சரக்கும்கூட. சப்ரகமுவ மலைகளில் இதற்கு நிகரான ஒன்று ஹல் மரப்பட்டை. இலங்கைக்கு மட்டுமே உரிய மரம். தமிழக, கேரள மலைகளின் வெள்ளைக் குங்கிலியத்துக்குச் சொந்தம். அதன் பட்டைத் துண்டை முட்டிக்குள் போட்டால் துவர்ப்புப் பொருட்கள் நீரில் இறங்கி உயிரிகளின் கையைக் கட்டும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் அது அமிலத்தைச் செயலிழக்கச் செய்து, உயிரிகள் வாழ முடியாத காரத்தன்மையைக் கொடுக்கும். பட்டை அதிகமானால் நாக்கு வறளும், சுண்ணாம்பு அதிகமானால் வாய் சுடும். ஐரோப்பாவின் கொடிப்பூவுக்கு நூல்கள் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். ஹல் பட்டையின் ருசியை எழுதியவர்கள் மிகக் குறைவு.

இனி வாயில் வைத்துப் பார்க்கலாம். காலையில் கட்டி மாலை இறக்கிய கள் வெள்ளைக் கலங்கல். அந்த வெண்மை சர்க்கரையல்ல, கோடிக்கணக்கான உயிரணுக்களே மிதக்கின்றன. முகர்ந்தால் முதலில் பழ வாசனை, கொஞ்சம் வாழைப்பழம். மதுவம் விடும் எஸ்ரர்கள். அடியில் மெல்லிய புகை, முட்டியைப் புகை காட்டிச் சுத்தம் செய்ததன் மிச்சம். நாவில் இனிப்பு முதலில் வரவேண்டும், ஆனால் புளிப்பு அதை அமுக்கும். இரண்டும் ஒன்றையொன்று மங்கச் செய்வது நாவின் இயல்பு. தென்னங்கள்ளைவிட இதில் இனிப்பின் வால் நீளம் என்பது என் நாக்கின் தீர்ப்பு, மறுப்பவர்கள் இருப்பார்கள்.

பிறகு அந்தச் சுரீர். குமிழிகள் வெடித்து நாவைக் குத்துகின்றன என்று நினைப்போம். உண்மையில், நாவில் புளிப்பை உணரும் உயிரணுக்களின் மேல் இருக்கும் ஒரு நொதியம் கரியமில வாயுவை அமிலமாக்குகிறது. அந்த உயிரணுக்களும் சேதி அனுப்புகின்றன. 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் காட்டினார்கள். மலையேறுகிறவர்கள் உயர நோய்க்கு விழுங்கும் அசெற்றாசோலமைட் மாத்திரை இந்த நொதிய வகையைத் தடுக்கும்; அதை விழுங்கிவிட்டுச் சிகரத்தில் பியர் திறந்தவர்கள் சப்பென்று இருக்கிறது என்று முறையிட்ட கதை மருத்துவ உலகில் பழையது. குமிழி போத்தலில் இருந்தது, நாவில் வேலைக்காரர் இல்லை.

இதைப் போத்தலில் அடைத்தால் என்ன? ஊறுவது நிற்காவிட்டால் வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும். பாஸ்டர் காட்டிய வழியில் சூடாக்கினால் உயிரிகள் சாகும், பானம் நிற்கும். தென்னங்கள்ளுக்கு அதைச் செய்கிறார்கள், குடிக்கலாம். ஆனால் சூட்டில் நொடியில் ஆவியாகும் வாசனைகள் முதலில் போகின்றன, மாறிக்கொண்டே இருக்கும் ருசியும் போகிறது. நின்றுபோன கள் வேறு பானம் என்பேன். மோசமானது என்று சொல்லமாட்டேன்.

தட்டுப்பாடுள்ள பொருளுக்குப் போலி வராமல் இராது. கித்துள் நீரைச் சுண்டக் காய்ச்சி எடுக்கும் பாணியில் கரும்புச் சீனி கலப்பது ஊரறிந்த சங்கதி. நாக்குக்கு அகப்படாத இந்தக் கலப்பைக் கார்பன் காட்டிக்கொடுக்கும். காற்றிலுள்ள கார்பனில் நூற்றுக்கு ஒரு பங்கு கொஞ்சம் கனமான வகை, கார்பன் 13. கரும்பு ஒளித்தொகுப்பில் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. அந்த வழியில் கன வகையும் அதிகம் உள்ளே வந்துவிடும். கித்துள் உட்படப் பெரும்பாலான மரங்களின் பழைய வழி அதைக் கூடுதலாக ஒதுக்கிவிடும். ஒரு சொட்டுப் பாணியை எரித்து வரும் வாயுவில் இரண்டு வகையின் விகிதத்தை அளந்தால், சர்க்கரை எந்த வகைச் செடியில் பிறந்தது என்று தெரிந்துவிடும். தேனில் கலப்படம் பிடிக்கவும் இதே முறைதான்.

மலையகத்து லயங்களில் குடி என்னென்ன செய்தது என்று தெரிந்தவர்களுக்கு இப்படி ருசி பார்த்து எழுதுவது உறுத்தத்தான் செய்யும். சம்பள நாளில் தவறணை வாசலில் கரைந்த கூலிக்கும், கள் கிடைக்காத இடத்தில் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் தின்ற உயிர்களுக்கும் எந்த நொதியமும் பதில் சொல்லாது. எந்த அளவு மதுசாரமும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது கித்துளுக்கும் சேர்த்துத்தான். இயற்கையான பானம் ஆகவே நல்லது என்று பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. சுண்ணாம்பில்லாத முட்டியில் உண்டாவதும் அதே எதனோல்தான்.

ஆனால் மரத்தடியில் நடக்கும் கணக்கு குடியைப் பற்றியதே அல்ல. இறக்கிய முட்டியில் விரலை நனைத்து முதலில் சுவைப்பவர் சீவியவர்தான். துளிப் புளிப்பும் இல்லையென்றால் கருப்பட்டி. சுக்குரோசு உடையாமல் இருந்தால்தான் பாகு இறுகிக் கட்டியாகும். உயிரிகள் கொஞ்சம் வெட்டிவிட்டாலும் குளுக்கோசும் ஃபிரக்டோசும் இடையில் புகுந்து படிகம் கட்டவிடாது. அப்படி இலேசாகத் தவறிய முட்டி பாணிக்குப் போகும். பாணி இறுக வேண்டியதில்லை. ஆறேழு போத்தல் நீரை மணிக்கணக்கில் விறகெரித்துச் சுண்டவைத்தால் ஒரு போத்தல் பாணி. அது கெடாது, கொழும்புக்குப் போகும், தயிர்ச் சட்டியோடு சேர்ந்து நல்ல விலைக்கும் போகும். பாணிக்கும் ஆகாத அளவு புளித்ததுதான் கள். விலை ஏற ஏற அவர் ஹல் பட்டையை இன்னும் கவனமாகப் போடுகிறார், முட்டியை இன்னும் நன்றாகக் கழுவுகிறார், அடுப்பை இன்னும் சீக்கிரம் மூட்டுகிறார். கள் தேடி வருகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மழையால் விறகு நனைந்த நாளின் முட்டி, அல்லது இறக்கப் பிந்திப்போன முட்டி. இரத்தினபுரியில் ஆண்டுக்கு மூவாயிரத்தைந்நூறு மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அப்படி நாட்களுக்குப் பஞ்சமில்லை.